எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா

ஒரே விரலால் திருப்பக்கூடிய ஸ்டியரிங்கை எண்பதுகளின் தொடக்கம் வரை நான் பார்த்ததில்லை. பார்த்த அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் ஏழாவதோடு முடிந்துவிட்டது. தோல் லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, எழுபதுகளின் நடுவில் முதலாளி வீட்டு அம்பாசடரில் உட்கார்ந்தவன். நின்ற இடத்தில் அந்த வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் இருக்கையிலிருந்து இடுப்பு எழும்ப வேண்டும். பிரேக்கை மிதித்தால் தொடை வரைக்கும் தெரியும். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு பெரிய இரும்பை நிறுத்துகிறோம், கொஞ்சம் வலிக்கத்தானே வேண்டும்.

புதிதாக வந்த கார் மெட்ராஸில் ஏதோ ஒரு வெளிநாட்டு அலுவலகம் கழித்துவிட்ட வண்டி. கப்பல் மாதிரி நீளம். டீசல் எஞ்சின். ஸ்டியரிங் இடது பக்கம். கிளச்சே கிடையாது. இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். பழக முடியாதது அந்த லேசுதான். ஸ்டியரிங் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. பிரேக் பெடல் கால் கட்டைவிரலுக்கே இறங்கியது. முதல் நாள் பஜாரில் ஒரு கைவண்டி குறுக்கே வந்தபோது அம்பாசடரை மிதிப்பது போல மிதித்துவிட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளி என் இருக்கையில் வந்து மோதினார்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "இன்னாப்பா, நான் இன்னும் உயிலே எழுதல" என்றார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நான் தள்ளாமல் இதை யார் தள்ளுகிறார்கள் என்பதே என் கவலை. என் கையும் காலும் செய்ய வேண்டிய வேலையை எனக்குத் தெரியாத ஒன்று செய்கிறது. அது செய்கிற வரைக்கும் சரி. ஒருநாள் செய்யாமல் போனால்?

அன்றிலிருந்து காரை நிறுத்தும்போதெல்லாம் முன்பக்கம் தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் அதில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு சொட்டு இருந்தால் அந்த நாள் முழுக்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பேன். சொட்டு இல்லாவிட்டால், ஆயில் எல்லாம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதோ என்று பயம். பானட்டைத் தூக்கி, ஆயில் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பார்த்தால்தான் டீ இறங்கும்.

இந்தக் காரைத் தொடுகிற அனுமதி ஒரே ஒரு மெக்கானிக்குக்குத்தான் இருந்தது. எங்கள் பக்கம் மெக்கானிக்கை மேஸ்திரி என்போம். அவரும் என் வயதுதான். மெட்ராஸ் துறைமுகத்தில் கிரேன்களோடு பத்து வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். வேலூரை ஒட்டி, சத்துவாச்சாரியில் முதலாளி வாங்கிப் போட்டிருந்த காலி மனை ஒன்றில், முதலாளியின் அனுமதியோடு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டிருந்தார். வாடகை இல்லை. பதிலுக்கு முதலாளியின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் மாதா படம், அதன் கீழே ஸ்பானர்கள் வரிசையாக.

எனக்கு அவர்மேல் முதலிலிருந்தே ஒரு சந்தேகக் கண். வேலை செய்யும்போது பேச மாட்டார். பேசாதவன் மறைக்கிறான் என்பது என் கணக்கு. நான் குனிந்து எட்டிப் பார்த்தால், "டிரைவரே, வெளிச்சத்த மறைக்கிற" என்பார். மறைப்பது நானா அவரா?

ஒருநாள் செய்தித்தாளில் நாலைந்து சொட்டு சேர்ந்தாற்போல விழுந்திருந்தது. வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஆயில் போகிற ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றி, வேலூர் லாங் பஜாரில் தேடிப் பிடித்து வந்த வேறொன்றைப் போட்டார். அது இந்தக் காருக்கென்று செய்ததில்லை, வேறு ஏதோ மிஷினுக்கானது என்று அவரே சொன்னார்.

"தாங்குமா மேஸ்திரி?"

"உன்ன விட ஜாஸ்தி தாங்கும்."

இரண்டு நாள் கழித்து முதலாளியும் அவர் மனைவியும் ஏலகிரிக்குப் புறப்பட்டார்கள். மேலே ஒரு தோட்டம் விலைக்கு வந்திருந்தது, அதைப் பார்க்க. அன்று காலையில் செய்தித்தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு கூட இல்லை. சுத்தமாக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், நான்தான் அன்று மறந்தவன்.

எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவோம். நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருகி, வண்டி தன் எடையிலேயே இறங்கட்டும் என்று விட்டுவிடுவது. அதற்கு 'உருட்டி வர்றது' என்று பேர். பேர்ணாம்பட்டு மலைப் பாதையில் லாரிகளே அப்படித்தான் வரும். ஏலகிரியில் பதினான்கு வளைவும் உருட்டி, மறுபடி ஸ்டார்ட் பண்ணாமல் அடிவாரத்துப் பொன்னேரியில் வந்து நிற்கிறவன் எங்கள் ஸ்டாண்டில் மதிக்கத்தக்க ஆள். அம்பாசடரில் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். முதலாளியும் அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார்: "என் ஆளு ஒரு சொட்டு வீணாக்க மாட்டான்."

இந்தப் புதுக் காரில் மலை ஏறியது அதுதான் முதல் தடவை. உருட்டத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் போன வாரம் முதலாளி டேங்க் முள்ளைப் பார்த்து, "இது ரொம்ப ஜாஸ்தி குடிக்குதே" என்று சொல்லியிருந்தார். சும்மா சொன்னதுதான். எனக்கு அது சும்மாவாகக் கேட்கவில்லை. நான் டீசல் இறக்கி விற்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று நாலு நாளாக மனசு அரித்துக்கொண்டிருந்தது. அதனால் தோட்டம் பார்த்து முடித்து, இரண்டு பலாப்பழத்தை டிக்கியில் ஏற்றி, சரிவு தொடங்கிய இடத்தில் நியூட்ரலில் தள்ளிச் சாவியைத் திருகினேன்.

சத்தம் நின்றது. காற்று மட்டும்.

"பார், எவ்ளோ சுகமா இருக்குது" என்றார் முதலாளி மனைவியிடம்.

முதல் வளைவில் ஸ்டியரிங் கனத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலு மாதம் கழித்து ஒரு வண்டி வண்டியாக நடந்துகொள்கிறது என்று தோன்றியது. இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினேன். பிரேக் வழக்கம்போல லேசாக இறங்கியது. இரண்டாம் வளைவிலும் இறங்கியது. மூன்றாம் வளைவுக்கு முன்னால் மிதித்தேன், அது கல்லாக இருந்தது.

கல் என்றால் கல். பெடலுக்கு அடியில் யாரோ செங்கல் வைத்த மாதிரி. வண்டி கொஞ்சம் தயங்கியது, நிற்கவில்லை. எதிரே வெளிப்பக்கத்துக் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் ஜோலார்பேட்டை பொம்மை ஊர் மாதிரி தெரிந்தது. இரண்டு காலையும் பெடலில் வைத்து எழுந்து நின்றுவிட்டேன். ஸ்டியரிங்கை மலைப் பக்கமாக, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க இழுத்தேன். வண்டி ஓரத்துச் சாக்கடையில் முன்சக்கரத்தை இறக்கி, மண்மேட்டில் மூக்கை வைத்து நின்றது. டிக்கியில் பலாப்பழங்கள் உருண்டு மோதிய சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

முதலாளி மனைவிக்கு நெற்றியில் வீக்கம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. முதலாளி இறங்கி வந்து மண்மேட்டைப் பார்த்தார், பிறகு எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"பிரேக் புடிக்கல முதலாளி. கல்லாட்டம் ஆயிடுச்சு. ஸ்டியரிங்கும்."

"வண்டில கடைசியா யார் கை வெச்சது?"

"மேஸ்திரி. முந்தாநாள் ஹோஸ் மாத்தினாரு. வேற மிஷினோட ஹோஸ்."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. பொய் ஒரு வார்த்தை கூட இல்லை. காலையில் செய்தித்தாள் சுத்தமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. முதலாளியின் முகம் மாறியது. "என் எடத்துல உக்காந்துனு என் குடும்பத்தையே மலையிலேர்ந்து தள்றானா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஷெட்ட எடுத்துட்டுப் போவச் சொல்லு. ஆம்பூர்லேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒருத்தன் அவன்கிட்ட வண்டி குடுக்க மாட்டான், நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னால் அப்படித்தான் நடக்கும். டேனரிக்காரர்கள் ஒருவர் சொன்னதை ஒருவர் தட்ட மாட்டார்கள். மேஸ்திரிக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

முதலாளியும் மனைவியும் அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். நான் நாலு பேரைச் சேர்த்து வண்டியைப் பின்னால் தள்ளச் சொல்லி, எஞ்சினைப் போட்டு மெதுவாக இறங்கினேன். அணைக்கத் தைரியம் வரவில்லை. அடிவாரம் வரைக்கும் பிரேக் வெண்ணெய், ஸ்டியரிங் வெண்ணெய். ஒரு குறையும் இல்லை. எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. வேண்டும்போது விட்டு, வேண்டாதபோது பிடிக்கிற மாதிரி அந்த ஆள் உள்ளே ஏதோ பண்ணி வைத்திருக்கிறான்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல், "அவருக்கு உங்க மேல இன்னா கோவம்?" என்றாள்.

"கோவம் எதுவும் இல்ல."

"பின்ன ஏன் உங்களைத் தள்ளப் போறாரு?"

நான் வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் காரோடு சத்துவாச்சாரி போனேன். முதலாளி சொன்னதை அப்படியே சொன்னேன். மேஸ்திரி கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்து மாதா படத்துக்குக் கீழே அதன் இடத்தில் மாட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எஞ்சின் ஓடினு இருந்துச்சா?"

எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்குள் எனக்கு ஏதோ பொறி இருக்கிறது என்று மட்டும் பட்டது.

"ஓடினுதான் இருந்துச்சு."

அவர் பானட்டைத் தூக்கினார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், பம்பைத் தட்டிப் பார்த்தார், புது ஹோஸை முனையிலிருந்து முனை வரை துணியால் துடைத்தார். துணி காய்ந்தே இருந்தது. "உள்ள உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். "எஞ்சின் போடாத. பிரேக்க மிதி."

மிதித்தேன். லேசாக இறங்கியது.

"இன்னொரு வாட்டி. இன்னும் ஒண்ணு."

மூன்றாவதில் கொஞ்சம் முரண்டு. நாலாவதில் கல். அதே கல்.

"காலை எடுக்காத. அப்படியே அழுத்தினு ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் பிடித்ததும் பெடல் என் காலுக்கடியில் தானாகக் கீழே போனது. பிறகு உயிருள்ளது போல லேசாக மேலே தள்ளியது.

கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் பேசினார். அவர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன். "எஞ்சின் சுத்தினா பெல்ட் சுத்தும். பெல்ட் இந்த பம்ப்ப சுத்த வெக்கும். பம்ப் ஆயில அழுத்தி அனுப்புது. அந்த அழுத்தம் முதல்ல பிரேக்குக்குப் போவுது, அங்கேர்ந்து ஸ்டியரிங்குக்கு. ரெண்டுக்கும் ஒரே பம்ப். நீ மிதிச்சா உள்ள ஒரு வழி தொறக்குது, அவ்ளோதான். தள்றது நீ இல்ல, ஆயிலு. ஸ்டியரிங்கும் அப்படித்தான். நீ எந்தப் பக்கம்னு சொல்ற, அது திருப்புது."

"எஞ்சின் நின்னா?"

"பம்ப் நிக்கும். ஸ்டியரிங் அப்பவே கனமாயிடும். பிரேக்குக்கு மட்டும் வண்டி செஞ்சவன் இந்த உருளைல கொஞ்சம் அழுத்தம் புடிச்சு வெச்சிருக்கான். கரண்டு போனாலும் மாடி டேங்க்ல ரெண்டு பக்கெட் தண்ணி வருமே, அந்த மாதிரி. ரெண்டு மூணு மிதி. அப்புறம் உன் காலு, உன் பாடு. பிரேக் இருக்கும், ஆனா யானை மாதிரி மிதிக்கணும்."

முதல் வளைவு, இரண்டாம் வளைவு, மூன்றாம் வளைவு. எனக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஸ்டியரிங் கனத்ததும் சந்தோஷப்பட்டேனே, அதுவும்.

"ஓடினு இருந்துச்சா?" என்றார் மறுபடியும்.

"ஓடிச்சு."

அவர் மண்ணெண்ணெய் டப்பாவில் கையை விட்டுக் கழுவத் தொடங்கினார். "சரி. பம்ப், பெல்ட், ஹோஸ் எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துட்றேன்னும் சொல்லு."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். இப்படி ஒத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றியதிலிருந்து இதே யோசனை. பள்ளிகொண்டா தாண்டும்போது பதில் பிடிபட்டது. அந்த ஆள் எனக்கு முன்னால் முதலாளியைப் பார்க்கப் போகிறான். எல்லாம் தெரிந்துகொண்டு, என்னை அனுப்பிவிட்டு, பின்னாலேயே கிளம்பியிருக்கிறான். என்னை முந்திக்கொண்டு போன பஸ்ஸில் கடைசி ஜன்னலில் நீலச் சட்டை ஒன்று தெரிந்தது. மேஸ்திரியும் நீலச் சட்டைதான். மாதனூர் வரைக்கும் அந்த பஸ்ஸை விரட்டினேன். பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தால் யாரோ ஒரு கிழவர், வாயைத் திறந்து தூங்குகிறார். அப்படியானால் போன். போஸ்ட் ஆபீஸுக்குப் போய் ஆம்பூருக்குப் பேசியிருப்பான். இந்நேரம் முதலாளிக்கு எல்லாம் தெரியும்.

டேனரி ஆபீஸில் முதலாளி ஈரத்தோல் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

"முதலாளி, அவர் சொன்னது நெசம்தான். நான்தான் எஞ்சின ஆஃப் பண்ணேன். உருட்டினு வந்தேன். இந்த வண்டிய உருட்டக் கூடாதாம், எனக்குத் தெரியாது. ஹோஸ் நல்லாத்தான் இருக்குது, காலைலயே பாத்தேன், ஒரு சொட்டு இல்ல."

"யார் சொன்னது?"

"மேஸ்திரி. போன்ல."

"போனு நாலு நாளா செத்துக் கெடக்குது" என்றார் முதலாளி.

தோலை மேசைமேல் வைத்தார். நான் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். வெளியே தோல் ஊறும் பீப்பாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் தோலை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு, "சத்தம் நின்னது எனக்கும் தெரியுமே. சுகமா இருக்குதுன்னு நான்தான சொன்னேன்" என்றார், என்னிடம் இல்லை, தோலிடம். சாவியை என் பக்கம் தள்ளினார். "எடு. நாளைக்குப் போவோம். அவன்கிட்ட நீ சொல்ற. என் எதிர்ல."

மறுநாள் போகும்போது ஒவ்வொரு இறக்கத்திலும் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஓடுதா?"

"ஓடுது முதலாளி."

"காதுல விழலியே."

ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்திக் காட்டுவேன். அந்தக் காரை விற்கிற வரைக்கும் இது தொடர்ந்தது.

சத்துவாச்சாரி மனைக்குள் வண்டி நுழைந்தபோது ஷெட்டுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது. மேஸ்திரி ஷீட்டுகளைக் கழற்றிச் சுவரோரமாக அடுக்கியிருந்தார். ஸ்பானர்கள் கோணிப்பைக்குள். மாதா படம் ஒரு ஸ்டூலில் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் வந்ததைப் பார்த்தும் அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் சொல்ல வேண்டியிருந்தது. எஞ்சின் ஓடவில்லை என்று சொன்னேன். இரண்டு முறை கேட்டீர்கள், இரண்டு முறையும் பொய் சொன்னேன் என்று சொன்னேன். வெயில் கண்ணில் குத்தியது.

முதலாளி, "நம்மளும் அவசரப்பட்டுட்டோம் மேஸ்திரி. நீ எங்கியும் போவ வேணாம்" என்றார்.

மேஸ்திரி தலையசைத்தார். என்னைப் பார்த்து, "டிரைவரே, சட்டையக் கழட்டி வெச்சுட்டு வா. ஷீட்டப் புடி" என்றார்.

முதலாளி வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு ஷீட்டாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, அவர் மேலே உட்கார்ந்து கொக்கி போல்ட்டை மாட்டி முறுக்கினார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கனம். வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது. இரண்டாவது ஷீட்டிலேயே தோள் நடுங்க ஆரம்பித்துவிட்டது. மேலே அவர் ஒரு போல்ட்டை முறுக்குவார், நிறுத்துவார், வாஷரைத் தேடுவார், மறுபடி முறுக்குவார்.

"ஆச்சா மேஸ்திரி?"

"புடி, புடி."

அவர் வேண்டுமென்றே மெதுவாக முறுக்குகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. அடுத்த ஷீட்டை எடுத்தேன்.